பத்தாமவனுக்கு வாக்கப்பட்டவள்

சித்திரை மாதம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி லாஞ்சுகளெல்லாம் கரையேறி வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தபோது, ஆமையடிமேட்டுக்கு மேலே ஒரு கிரகம் வந்து நின்றது. இடிக்கவில்லை, எரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காரச் சொல்கிறவரை நிற்கிற மாப்பிள்ளை மாதிரி, சவுக்குத் தோப்புக்கு மேலே கூச்சப்பட்டுக்கொண்டு நின்றது. நாலு லாஞ்சை ஒன்றாகக் கட்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிசு, அடிப்பிடித்த சோற்றுப்பானை நிறம், இடுப்பைச் சுற்றி வளையல் மாதிரி இரண்டு மெல்லிய வளையம், கிட்டப் போனால் பல் கிட்டிக்கிற குளிர்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு விவரம் சொன்னார். சனிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய கிரகங்கள் சுற்றுகிற பாதைகளுக்கு நடுவே இப்படிச் சின்னதுகள் சில அலைகின்றன, இதுகளுக்கென்று நிலையான வழி கிடையாது, எந்தப் பெரியவன் கிட்ட வந்தாலும் அவன் பக்கம் இழுபடும், இழுத்து இழுத்து ஒருநாள் எவனாவது எங்கேயாவது தூக்கி எறிந்துவிடுவான், அப்படி எறிபட்டது இது என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற குமுதவல்லிக்கு அதைக் கேட்டதும் என்னவோ தன் ஜாதகத்தையே வாசித்தாற்போல இருந்தது. மற்ற யாரும் அசரவில்லை. திருநள்ளாறு கூப்பிடு தூரம், சனீஸ்வரனையே வருஷா வருஷம் பார்க்கிற ஜனம். இது அவருக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும் என்று பேசி முடித்து, ஒன்பது பேருக்கு அடுத்து வந்தவன் என்பதால் பத்தாமவன் என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

ஊர் அடித்துக்கொண்டது வேறு விஷயத்துக்கு. பத்தாமவன் எந்த எல்லையில் நிற்கிறான்? பக்கத்து ஊரான சிப்பித்திடல்காரர்கள், நிழல் பாதி எங்கள் மணலில் விழுகிறது, பாதி எங்களுக்கு என்று வந்து நின்றார்கள். ஆமையடிமேட்டு நாட்டார் அரங்கசாமி, ஊர்த்தலைவர், அவர் சொல்லை மீறி அந்த ஊரில் அடுப்பு எரியாது, எல்லைக்கல்லில் காலைத் தூக்கி வைத்து, நிழல்தானே உங்க ஊர்ல விழுது, நிழலை எடுத்துட்டுப் போங்கடா என்றார். அன்றோடு இரண்டு ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை, தண்ணி தாகம், எல்லாம் முறிந்தது. பாருங்கள், இந்த முறிவுதான் கடைசியில் குமுதவல்லியின் கழுத்தில் வந்து விழுந்தது.

குமுதவல்லிக்குச் செவ்வாய் தோஷம். ஏழாம் இடத்தில் செவ்வாய், தாலி கட்டினவன் தங்க மாட்டான் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த ஜாதகம். அப்பா கடலோடு போனவர். அம்மா அஞ்சலை கருவாடு சுமந்து வளர்த்தாள். அத்தை மகன் மாசிலாமணி லாஞ்சு டிரைவர், அவனுக்கு இவள் மேல் உயிர், இவளுக்கு அவன் மேல் அதைவிட ஒரு பங்கு கூட. ஆனால் அத்தை தனபாக்கியம் ஒற்றைக் காலில் நின்றாள். முதலில் வாழைமரத்துக்குக் கட்டி, மரத்தை வெட்டி, தோஷத்தைக் கழித்துவிட்டு வந்தால்தான் என் மகன் தாலி கட்டுவான் என்றாள். இது புதிசில்லை, தோஷக்காரிகளுக்கு நடப்பதுதான். வாழைமரத்தை மாப்பிள்ளையாக நிறுத்தி, அதன் பேரில் பெண் கழுத்தில் தாலி ஏறும். உடனே தாய்மாமன் அரிவாளை எடுத்து ஒரே வெட்டில் மரத்தைச் சாய்ப்பான். முதல் புருஷன் செத்தான், தோஷம் கழிந்தது, தாலியை அறுத்துப் போட்டுத் தலை முழுகி வந்தால் பெண் புதுப்பெண். ஒரே வெட்டு, அவ்வளவுதான் கணக்கு.

வைகாசியில் நாள் குறித்தார்கள். குறித்த நாளில் பார்த்தால் ஊரில் ஒரு வாழை இல்லை. பத்தாமவன் குளிரில் அத்தனை வாழையும் கருகித் தொங்கிவிட்டன. சிப்பித்திடலில் தோட்டம் தோட்டமாக நிற்கிறது, ஆனால் அவர்கள் ஒரு கன்று தர மாட்டார்கள், கேட்கப் போகவும் நாட்டார் விட மாட்டார். முகூர்த்தம் தாண்டிக்கொண்டிருக்கிறது, அஞ்சலை கையைப் பிசைகிறாள், தனபாக்கியம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்போது நாட்டார் மேலே பார்த்தார். வாழையைக் கருக்கினவன் எவனோ அவனே வாழைக்குப் பதில் நிற்கட்டும் என்றார். ஜோசியர் கொஞ்சம் இழுத்தார், பிறகு நாட்டார் முகத்தைப் பார்த்து, அதுவும் சரிதான், இவனும் ஒரு கிரகம்தானே, கிரகத்தால் வந்தது கிரகத்தோடு போகட்டும் என்று ஒத்து ஊதினார். கயிறு வீசுகிற கை படைத்த ஊர் அது. வடத்தை எறிந்து, கொக்கியை மாட்டி, பத்தாமவனைப் பந்தலுக்கு மேலே இழுத்து முளையில் கட்டினார்கள். அவனும் தண்ணிக்கு வருகிற மாடு மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். அவன் பேரில் ஜோசியர் மூன்று முடிச்சும் போட்டார்.

தாய்மாமன் சிவக்கொழுந்து ஏணி வைத்து ஏறி அரிவாளை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். சாயவில்லை. ஒரு பாறை பெயர்ந்து தொப்பென்று மணலில் விழுந்தது. கரி மேல்தோல்தான், உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ், கண்ணாடி மாதிரி. எவனோ நக்கிப் பார்த்தான், இனித்தது. எவளோ அதன்மேல் இரண்டு சங்கரா மீனை வைத்தாள், உச்சி வெயிலில் அந்த ஐஸ் ஒரு சொட்டு உருகவில்லை, மீன் கண் விழித்தது விழித்தபடி கிடந்தது. டவுனிலிருந்து லாரியில் வருகிற ஐஸ் பாதி வழியில் தண்ணியாகி, பிடித்த மீனெல்லாம் நாறி, ஏலத்தில் வயிறெரிந்து திரும்புகிற ஊர் அது. எல்லோர் கண்ணும் மேலே போயிற்று. சிவக்கொழுந்து இரண்டாம் வெட்டுக்கு ஓங்கினான். நாட்டார் ஏணியில் ஏறி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா. முழுசா வெட்டிடாதே" என்றார்.

தாலி ஏறியாயிற்று, புருஷன் சாகவில்லை. குமுதவல்லி மணையில் உட்கார்ந்தபடி மாசிலாமணியைப் பார்த்தாள். அவன் கீழே கிடந்த ஐஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள், பத்தாமவன் முளையைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவள் வீட்டுக்கு வந்தால் வீட்டைச் சுற்றினான், கடைக்குப் போனால் கடையைச் சுற்றினான், அவள் எங்கே நிற்கிறாளோ அதை நடுவாக வைத்துக் கூரைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தான். வாக்கப்பட்டது அவளா அவனா என்று பெண்டுகள் சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. இவள் ஊரைத் தாண்டினால் ஐஸும் ஊரைத் தாண்டிவிடும் என்பது அவருக்கு மட்டும் உடனே புரிந்தது. அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடி, குமுதவல்லி எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, தாண்ட உதவுகிறவன் குடும்பம் ஊர்விலக்கு என்று கட்டு போட்டது. அஞ்சலை எழுந்து, என் மகளுக்குத் தோஷம் கழிக்க வந்தோமே தவிர உங்க மீனைப் பதம்பண்ண வரல என்று கத்தினாள். பொம்பளை சபையில் பேசியதற்குத் தண்டம் போட்டார்கள்.

தடைக்காலம் முடிந்தது. லாஞ்சுகள் புறப்படுகிற நாளெல்லாம் குமுதவல்லியைத் துறைக்குக் கூட்டிப் போவார்கள். இப்படி நில்லு குமுதா, கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லு என்று கட்டுமரத்தைத் தள்ளுகிற மாதிரி தள்ளி நிறுத்துவார்கள். பத்தாமவன் லாஞ்சுகளுக்கு நேர் மேலே வருவான். சிவக்கொழுந்து ஏறி வெட்டுவான், மாப்பிள்ளை துடையைக் கொடு, மாப்பிள்ளை முதுகைக் கொடு என்று கீழே இருந்து கேலி பேசிக்கொண்டே பெட்டி பெட்டியாக நிரப்புவார்கள். வெட்டு விழுகிற ஒவ்வொரு தரமும் குமுதவல்லிக்கு முதுகுத்தண்டில் குளிர் ஏறும். வெயிலில் நின்றுகொண்டு நடுங்குவாள், உதடு நாவல்பழம் தின்றாற்போல ஆகிவிடும். ஒருநாள் அவள் அடுப்பண்டை உட்கார்ந்திருந்தபோது மேலேயிருந்து நாலு சொட்டு விழுந்ததை எவளோ பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். பஞ்சாயத்து மறுபடி கூடியது. அவள் அடுப்பண்டை உட்காரக் கூடாது, வெந்நீர் கூடாது, சுடுசோறு கூடாது, போர்வை கூடாது. ஆறின கஞ்சியை அள்ளிக் குடித்துக்கொண்டு அவள் அந்த வருஷத்து மழையைக் கழித்தாள். அஞ்சலை அந்த ஐஸில் வைத்த ஒரு மீனைக்கூட நாக்கில் வைப்பதில்லை என்று அங்காளம்மன் மேல் சத்தியம் செய்து, கருவாட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

ஊர் செழித்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆமையடிமேட்டு மீன் என்றால் ஏலத்தில் தனி வரிசை. கூரை இருந்த இடத்தில் மாடி வந்தது. பிள்ளைகள் பத்தாமவனைச் சீவின ஐஸில் சாயம் ஊற்றிச் சப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போயின. அவனைத் தின்னாத வாய் அந்த ஊரில் அஞ்சலை வாயும் மகள் வாயும்தான்; தனக்குத் தாலி கட்டினவனைத் தின்ன குமுதவல்லிக்கு மனசு வரவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக அவன் தேய்ந்து வருவதை அவள் ஒருத்திதான் தினமும் பார்த்தாள். பாவம் என்று தோன்றும். சீக்கிரம் செத்துப்போயேன்டா என்றும் தோன்றும். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றும்.

மாசிலாமணி முதலில் வேலியோரம் வந்து நின்று, ஆடி போகட்டும் என்றான். பிறகு, ஐப்பசி அடைமழை போகட்டும் என்றான். பிறகு அவனுக்கு நாட்டார் ஒரு புது லாஞ்சைக் கொடுத்தார், லாஞ்சோடு பேத்தி சுகந்தியையும் கொடுத்தார். வேலியோரம் வருவது நின்றது. தை மாதம் கல்யாணம், ஊரே விருந்து, விருந்து மீனுக்கு ஐஸ் வேண்டும், ஆகவே குமுதவல்லியைக் கூட்டிப் போய்ச் சமையல் பந்தலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்தன்றா என்று ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. தாலி கட்டின கையோடு மாசிலாமணி பட்டு வேட்டியில் கைகழுவப் பின்பக்கம் வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான்.

"ஊரு சொல்லுது குமுதா. நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் மச்சான். இப்ப நீ நாட்டார் வீட்டு மாப்பிள்ளை, நீ சொன்னா சிவக்கொழுந்து மாமா கேப்பாரு. ஒரு வெட்டுதான். முடிச்சிடச் சொல்லு, நான் எங்கேயாவது போய்க் காய்ச்சிக் குடிச்சிக்கிறேன்."

அவன் நிமிர்ந்து பத்தாமவனைப் பார்த்தான். அப்போதே ஒரு மாட்டுவண்டி அளவுக்கு வந்திருந்தான். பிறகு பந்தலில் உட்காரப் போகிற இரண்டாம் பந்தியைப் பார்த்தான்.

"இன்னிக்கு வேணாம். சாப்பாடு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனான். அந்த இடத்தில்தான் அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிரந்தரமாகக் குளிர்ந்துபோயிற்று.

வெட்டி வெட்டிப் பங்குனிக்குள் பத்தாமவன் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டான். இதற்கு மேல் ஒரு கூடை மீனுக்குக்கூடக் காணாது. நாட்டார் பெரிய மனசு பண்ணினார். சிவக்கொழுந்தைக் கூப்பிட்டு, பாவம், பொண்ணை எத்தனை நாளைக்குத்தான் கட்டிப்போடுறது, முடிச்சு விடுடா என்றார். ஒரே வெட்டு. கடைசித் துண்டு இரண்டாகப் பிளந்து விழுந்தது. அதையும் வீணாக்கவில்லை, அண்டா நிறைய நன்னாரி சர்பத் கலக்கி அதில் போட்டு, அஞ்சலையும் மகளும் தவிர ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். பிறகு பெண்டுகள் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், தாலியை அறுத்து, பொட்டை அழித்து, வளையலை உடைத்தார்கள். கண்ணாடி வளையலெல்லாம் உடைந்து முடிந்தபோது, வெட்டுப்பட்டவனின் இடுப்பிலிருந்து கழன்று அந்தரத்தில் நின்ற இரண்டு வளையமும் மெதுவாக இறங்கி வந்து, அவள் கைக்கு ஒன்றாக ஏறிக்கொண்டன. கல்லை எடுத்து அடித்தார்கள். கல்தான் உடைந்தது. தனபாக்கியம் மட்டும், இது நல்லதுக்கில்லை என்று முனகினாள்.

மறுநாள் விடியலில் போன லாஞ்சுகள் உச்சிக்குள் திரும்பி வந்தன. வலை போடவில்லை, சுக்கானைத் திருப்பவில்லை. கிழக்கே பிடித்த பிடியில்தான் போனோம், எப்படியோ ஊர் முன்னால் வந்து நிற்கிறது என்றார்கள். மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள். பஸ் ஏறப் போனவர்கள் நேர் ரோட்டில் நடந்து சொந்த வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் நின்றவர்களுக்கும் காலடி மணல் நகர்ந்தது, உட்கார்ந்தவர்கள் கட்டிலோடு நகர்ந்தார்கள். செக்கு மாடு மாதிரி ஊரே ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்கியது, ஐஸை நிறையத் தின்றவர்கள் வேகமாக, கொஞ்சமாகத் தின்றவர்கள் மெதுவாக, லாஞ்சுகள் கடல் வழியாகப் போய் மணல்மேட்டைக் கீறிக்கொண்டு கரை வழியாக வந்து. நடுவில் அஞ்சலை வீடு. வீட்டு வாசலில் குமுதவல்லி.

ஜோசியர் தன் சுற்றில் வரும்போதே விரல் விட்டுப் பார்த்துச் சொன்னார்: புருஷன் சாகவில்லை, பங்கு போட்டு எல்லார் வயிற்றிலும் இருக்கிறான், இப்போது இந்த ஊர்தான் அவளுக்குப் புருஷன். அதைக் கேட்டு நாட்டார் ஒரு கண்ணசைவு காட்டினார். சிவக்கொழுந்து அரிவாளோடு வாசல் பக்கம் திரும்பினான். அக்காள் மகள் என்றும் பார்க்கவில்லை. ஆனால் எவ்வளவு எட்டு எடுத்து வைத்தாலும் வாசலுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த தூரம் குறையவில்லை.

குமுதவல்லி எழுந்து நிற்கக்கூட இல்லை. "வெட்டணும்னா மரத்தைத்தான் மாமா வெட்டணும். பொண்ணை வெட்டுற வழக்கம் எங்கேயும் கிடையாது" என்றாள்.

ஊர் நடந்துகொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மரம் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிவக்கொழுந்து கையிலிருந்த அரிவாள் நழுவி விழுந்தது, அதுவும் மணலில் கிடக்காமல் மெல்ல நகர்ந்து சுற்றிலே சேர்ந்துகொண்டது.

அவள் உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்து, சுக்குத் தட்டிப் போட்டு டீ வைத்து, ஆவி பறக்கத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்து குடித்தாள். நாக்கு சுட்டது. சுட்டது எத்தனை நல்லாயிருந்தது என்று அவளுக்கு அழுகை வந்தது. நாட்டார் ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதானே உன்னை வச்சிருந்தோம் என்று ஒரு சுற்றில் சொன்னார். அடுத்த சுற்றில் வரும்போது மூச்சு வாங்கியது. நீயே ஒரு வழி சொல்லும்மா, என்ன கேட்டாலும் தர்றோம் என்றார்.

"எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு கட்டு இருக்கே, அது இருக்கா, எடுத்தாச்சா?"

அவர் சுற்றிப் போய் மறுபடி வருகிறவரை அவள் காத்திருந்தாள். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். யோசிக்காமல் சொன்னார். வாழ்நாளில் அந்த ஆள் யோசிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அவள் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டாள், அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டாள், சுற்றுகிற ஜனத்துக்கு நடுவே நேராக நடந்தாள். அவள் நடக்க நடக்க வட்டமும் கூடவே நகர்ந்தது. எல்லைக்கல்லைத் தாண்டினபோது முதுகுக்குப் பின்னால் மாடிக் கண்ணாடிகள் உடைகிற சத்தம் கேட்டது, வாசல் சிறிசாக இருந்த வீடுகளில் கட்டில்கள் சுவரோடு வந்தன. பிள்ளைகளைப் பார்த்தபோது மட்டும் அவள் நடையைக் குறைத்தாள்; சாயம் ஊற்றிச் சப்பின பிள்ளைகள், முதலில் விளையாட்டென்று சிரித்து இப்போது அழுதுகொண்டு ஓடின. ஒரு நிமிஷம் நின்றாள். நின்றால் அவர்களும் மெல்லச் சுற்றுவார்கள், அவ்வளவுதான் நடக்கும். தான் நடுங்கி நின்ற துறையும் சமையல் பந்தலின் பின்பக்கமும் ஞாபகம் வந்தன. ரோட்டில் பஸ் வந்தது, கை காட்டினாள், ஏறினாள்.

ஜன்னல் ஓரத்துச் சீட்டில் வெயில் அடித்தது. அவள் வளையம் ஏறின இரண்டு கையையும் எடுத்து வெயிலில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பி வேகம் பிடித்ததும், வயற்காட்டிலும் வாய்க்காலிலும் ரோட்டிலுமாக ஊர் வண்டியைச் சுற்றி ஓடத் தொடங்கியது. வேட்டி அவிழ்ந்த நாட்டார் ஓடினார், சிவக்கொழுந்து ஓடினான், தனபாக்கியம் மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள், சுகந்தி விழுந்து எழுந்து ஓடினாள். நட்ட நாற்றை உழுதுகொண்டு மாசிலாமணியின் லாஞ்சு வந்தது. மேலே நின்றுகொண்டு அவன் குமுதா, குமுதா என்று கூப்பிட்டது ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் கேட்டது. பிறகு பஸ்ஸின் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டது.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற கையை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். "யாரும்மா இதெல்லாம்? உங்க கூட வந்த ஆளுங்களா? வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள் குமுதவல்லி. "பின்னாலேயே வந்துடுவாரு. நீங்க போகச் சொல்லுங்க."